கொல்லிமலைச் சாமைக்காக ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் சிறுதானியத் திட்டங்களையும் பள்ளிகளின் காலை உணவுத் திட்டத்தையும் வகுத்து நடத்துகிற அதிகாரிகளுக்கு,

வணக்கம். கொல்லிமலையில், செம்மேட்டில் பஸ் இறங்கி அப்புறமும் ஒரு மணி நேரம் நடந்தால் வருகிற ஊரிலிருந்து இதை எழுதுகிறேன். எங்கள் ஊர் மகளிர் குழுவுக்குக் கணக்கு எழுதுகிறவள் நான். சாமை விதைத்த வீட்டில் பிறந்து, குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளிக்கிழங்கு விற்ற காசில் படித்தவள். இந்த இரண்டையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் எங்கள் மலையைப் பற்றிப் பேசுகிறவர்கள் பலர் முதலாவதை மட்டும் பார்த்துப் பெருமைப்படுகிறார்கள், இரண்டாவதைப் பார்த்தால் வருத்தப்படுகிறார்கள். இரண்டும் ஒரே வீட்டில்தான் நடந்தது.

2023ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை சர்வதேச சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அதிலிருந்து சாமை, தினை, வரகு என்ற பெயர்கள் எல்லார் வாயிலும் இருக்கின்றன. சந்தோஷம்தான். விழா என்றால் ஒரு சிறுதானிய அரங்கு, சுவரில் உலக்கையோடு நிற்கும் எங்கள் பெண்களின் படம், பக்கத்தில் அழகான பாக்கெட்டில் சாமை அரிசி. அந்தப் படத்தைப் பற்றித்தான் நான் பேச வேண்டும்.

எங்கள் வீட்டு உரல் வாசலுக்கு இடப்பக்கம், ஒரு பலா மரத்தடியில் இருக்கிறது. கல் உரல். பாட்டி காலத்தில் அதன் குழி எவ்வளவு ஆழமோ தெரியாது. இப்போது என் முழங்கை வரை உள்ளே போகும். விடிவதற்கு முன் அம்மா எழுந்து, முந்தின நாள் வெயிலில் காயவைத்த சாமையை அதில் கொட்டிக் குத்த ஆரம்பிப்பாள். சின்னம்மா வந்துவிட்டால் ஜோடி உலக்கை. ஒருத்தி ஓங்கும்போது இன்னொருத்தி இறக்குவாள். நான் பாயில் படுத்துக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டபடியே மறுபடி தூங்கிவிடுவேன். ஒரு முறை குத்தினால் போதாது. குத்தி, முறத்தில் புடைத்து, உமியைத் தள்ளி, உரிபடாததை மறுபடி உரலில் போட்டு, திரும்பவும் குத்த வேண்டும். மூன்று சுற்று, சில சமயம் நாலு. சாமை மணி அவ்வளவு சின்னது. ஆயிரம் மணியை எடுத்து நிறுத்தாலும் இரண்டு மூன்று கிராம்தான் இருக்கும். அந்த ஒவ்வொரு மணிக்கும் மேலே கண்ணாடி போல வழவழப்பான கெட்டியான உமி. மெதுவாகக் குத்தினால் உமி போகாது, வேகமாகக் குத்தினால் நொய்யாகிவிடும். பலம் எவ்வளவு வேண்டும் என்பது தோளுக்குத்தான் தெரியும்.

ஏழு பேர் சாப்பிடுகிற வீட்டில் ஒரு வேளைச் சோற்றுக்கு இரண்டு மணி நேரம் போய்விடும். அதற்கப்புறம் தண்ணீர், மாடு, காட்டு வேலை. அம்மாவின் உள்ளங்கையில் உலக்கை பிடிக்கும் இடத்தில் இன்றைக்கும் தோல் காய்த்துத்தான் இருக்கிறது. அவள் உலக்கையை விட்டுப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது.

கேழ்வரகுக்கு இந்தக் கஷ்டம் இல்லை. அதற்கு உரிக்க வேண்டிய உமி கிடையாது. கதிரை அடித்துப் புடைத்துச் சுத்தம் செய்து நேராக மாவு மில்லில் கொடுத்துவிடலாம். எங்கள் மலையில் சாமையும் தினையும் பனிவரகும் தேய்ந்துபோன அளவுக்குக் கேழ்வரகு தேயாமல் இருப்பதற்கு இது ஒரு பெரிய காரணம் என்று நினைக்கிறேன். நாக்கு மாறிவிட்டது, நாகரிகம் வந்துவிட்டது என்று வேறு காரணங்கள் சொல்கிறார்கள். அம்மாவைக் கேட்டால் தோளைத்தான் காட்டுவாள்.

குச்சிக்கிழங்கு எப்படி மலை ஏறியது என்பதையும் சொல்கிறேன். ராசிபுரம், ஆத்தூர், சேலம் பக்கம் அந்தக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி செய்கிற சேகோ ஆலைகள் பெருகின. 70 கொண்டை ஊசி வளைவு உள்ள ரோடு வழியாக லாரி மேலே வந்தது. குச்சி நட்டால் பத்து மாதத்தில் கிழங்கு. பிடுங்கின அன்றைக்கே மூட்டை கட்டி லாரியில் ஏற்றலாம். கிழங்கில் மாவுச்சத்து எத்தனை பாயின்ட் என்று பார்த்து விலை போடுவார்கள். அந்தக் கணக்கில் எங்களுக்குப் பிடி இல்லாவிட்டாலும், ஒரே நாளில் மொத்தமாகக் கையில் காசு வரும். சாமை அப்படிக் காசு தந்ததே இல்லை. நான் கீழே விடுதியில் தங்கிப் படித்த வருடங்களில் பெட்டி, புத்தகம், பஸ் காசு எல்லாம் கிழங்குக் காசுதான். அப்பா சாமைக் காட்டைக் குறைத்துக் கிழங்கு போட்டதை யாராவது தப்பு என்று சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

2011 ஜூன் மாதத்திலிருந்து ரேஷனில் அரிசி இலவசமாக வந்தது. அட்டைக்கு 20 கிலோ. அது எங்கள் வீடுகளில் பசியை விரட்டியது. உலக்கையையும் மூலையில் சாய்த்து வைத்தது. அந்த அரிசியைக் குறைக்கச் சொல்லி நான் இந்த மடலை எழுதவில்லை. இதை யாரும் தப்பாகப் புரிந்துகொள்ளக் கூடாது.

ஆனால் என்ன போனது என்பதையும் நீங்கள் பார்க்க வேண்டும். சாமையோடு அவரையும் துவரையும் கடுகும் ஒரே காட்டில் கலந்து நிற்கும். சாமை அறுத்த பிறகும் துவரை நிற்கும். வைக்கோல் மாட்டுக்கு, மாட்டுச் சாணம் மறுபடி காட்டுக்கு. குச்சிக்கிழங்கில் வைக்கோல் கிடையாது. அதன் பச்சை இலையை ஆடு தின்றுவிட்டால் செத்துப் போகும், அவ்வளவு நஞ்சு. தீனி இல்லாததால் மாடு குறைந்தது. மாடு குறைந்ததால் எரு குறைந்தது. எருவுக்குப் பதிலாக உர மூட்டை கடனில் வந்தது. சாமை நெருக்கமாக முளைத்துச் சரிவு முழுவதையும் மூடிக்கொள்ளும். அறுக்கும்போது வேர் மண்ணிலேயே இருக்கும். கிழங்கு அப்படி இல்லை. செடிக்குச் செடி இடைவெளி விட்டு நட வேண்டும், கடைசியில் மண்ணைக் கிளறிப் பிடுங்க வேண்டும். மேல்மண் ஒவ்வொரு மழைக்கும் ஓடைக்குப் போகிறது. எங்கள் காட்டில் சின்ன வயதில் நான் பார்க்காத பாறைகள் இப்போது தலை காட்டுகின்றன.

2020இல் ஒரு புது மாவுப்பூச்சி இந்தியாவுக்குள் வந்து, சேலம் நாமக்கல் பக்கத்துக் கிழங்குக் காடுகளைச் சுருட்டிப்போட்டது. அதை அடக்க ஓர் ஒட்டுண்ணிக் குளவியை வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். நல்ல வேலை. ஆனால் ஒரே பயிரை நம்பி நிற்கிற மலைக்கு அந்த மாதிரி ஒரு வருடம் வந்தால் என்ன ஆகும் என்று அன்றைக்குத்தான் எங்கள் ஊருக்கு உறைத்தது. சாமைக்காடு வைத்திருந்த இரண்டு மூன்று வீடுகளில் மட்டும் அந்த வருடம் கவலை கொஞ்சம் குறைவு.

எங்கள் விதைகளைப் பற்றி ஒரு வார்த்தை. வெளியே எல்லாவற்றுக்கும் சாமை என்று ஒரே பெயர். இங்கே கட்டவெட்டிச் சாமை வேறு, மல்லியச் சாமை வேறு, வெள்ளப்பெருஞ்சாமை வேறு. ஒன்று சீக்கிரம் வரும், ஒன்று தாமதமாக வரும். ஒன்று கல்லாங்காட்டில் தாக்குப்பிடிக்கும், இன்னொன்றுக்கு நல்ல மண் வேண்டும். மழை எப்படிப் பெய்தாலும் ஏதாவது ஒன்று கைகொடுக்கும் என்றுதான் பெரியவர்கள் எல்லாவற்றிலும் கொஞ்சம் வைத்திருந்தார்கள். விதை தீர்ந்த வீடு பக்கத்து வீட்டில் ஒரு படி வாங்கி, அறுப்பு முடிந்ததும் இரண்டு படியாகத் திருப்பிக் கொடுக்கும். எழுத்து கிடையாது, சாட்சி கிடையாது. மூங்கிலைப் பின்னி, மண்ணும் சாணியும் பூசின தொம்பையில் உமியோடு கொட்டி வைத்தால் சாமை வருடக்கணக்கில் இருக்கும், பூச்சி அண்டாது. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து இந்த மலையில் இந்த விதைகளைத் தேடிப் பதிவு செய்து, விதை வங்கி வைத்து, உரிக்கும் மெஷினும் கொண்டுவந்தது. அவர்கள் செய்ததை நன்றியோடு நினைக்கிறோம். ஆனால் ஒரு நிறுவனம் தொடங்கி வைத்ததை ஓர் அரசாங்கம்தான் மலை முழுவதற்கும் கொண்டுபோக முடியும்.

இப்போது நான் கேட்க வந்ததற்கு வருகிறேன்.

காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கியபோது வந்த அரசாணையில் ஒரு வரி உண்டு. வாரத்தில் குறைந்தது இரண்டு நாளாவது அந்தந்தப் பகுதியில் விளைகிற அல்லது கிடைக்கிற சிறுதானியத்தில் காலை உணவு செய்யலாம் என்று இருந்தது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 50 கிராம் தானியம் என்ற அளவும் இருந்தது. இதை யார் எழுதினார்களோ, அவர்களுக்கு என் வணக்கம். கொல்லிமலையை நினைத்தே எழுதினது போல இருக்கிறது.

கணக்கு எழுதுகிறவள் என்பதால் கணக்குப் போட்டுப் பார்த்தேன். எங்கள் பக்கத்துத் தொடக்கப் பள்ளி மாதிரி 40 பிள்ளைகள் படிக்கிற ஒரு பள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு 50 கிராம் என்றால் ஒரு நாளைக்கு 2 கிலோ சாமை அரிசி. வாரத்துக்கு இரண்டு நாள், 4 கிலோ. வருடத்தில் பள்ளி நடக்கிற வாரம் 40 என்று வைத்தால் 160 கிலோ. நூறு கிலோ சாமையை உரித்தால் 60 கிலோ அரிசி நிச்சயம் தேறும். அப்படியானால் உமியோடு 270 கிலோ வேண்டும். எங்கள் காட்டில் நல்ல வருடத்தில் ஏக்கருக்கு 300 கிலோ எடுப்போம்.

ஒரு ஏக்கர் சாமை ஒரு பள்ளிக்குப் போதும்.

இதை எழுதி முடித்ததும் இரண்டு தடவை சரிபார்த்தேன், இவ்வளவு சின்ன விஷயமா என்று நம்பிக்கை வரவில்லை. மலையையே சாமைக்காடாக மாற்றச் சொல்லவில்லை. கிழங்கு இருக்கட்டும், மிளகு இருக்கட்டும், காபி இருக்கட்டும். ஒவ்வொரு பள்ளியைச் சுற்றியும் ஒரு ஏக்கர், மழை பொய்த்தால் ஈடுகட்ட இன்னும் அரை ஏக்கர். அதற்கு அரசு முன்கூட்டியே ஒரு விலை சொல்லி, அறுப்பு முடிந்ததும் மலையிலேயே வாங்கிக்கொண்டால் போதும். கேழ்வரகுக்கு மத்திய அரசின் குறைந்தபட்ச ஆதரவு விலை உண்டு. 2024-25இல் குவிண்டாலுக்கு 4,290 ரூபாய். சாமைக்கும் தினைக்கும் அந்தப் பட்டியலில் இடமே இல்லை. அதனால் வியாபாரி சொல்வதுதான் விலை. முடியாதது ஒன்றும் இல்லை. சத்தீஸ்கர் அரசு 2021இல் சிறுதானிய இயக்கம் தொடங்கி, சாமைக்கும் வரகுக்கும் தானே விலை வைத்து வாங்கியது. ஒடிசா 2017இல் சிறுதானிய இயக்கம் தொடங்கி, பழங்குடி மக்களின் கேழ்வரகை வாங்கி ரேஷனில் கொடுத்தது. நம்முடைய அரசே 2023இல் நீலகிரியிலும் தருமபுரியிலும் ரேஷனில் 2 கிலோ கேழ்வரகு கொடுக்க ஆரம்பித்தது. கொல்லிமலைக்குச் சாமை என்று ஒரு வரி சேர்க்க வேண்டும், அவ்வளவுதான்.

சரி, அந்தச் சாமையை யார் உரிப்பது? இங்கேதான் எல்லாத் திட்டமும் வழுக்குகிறது. பெண்கள் குத்திக் கொடுப்பார்கள் என்று யாராவது மனதுக்குள் நினைத்தால், தயவு செய்து அதை இப்போதே விட்டுவிடுங்கள். அரசுக்கு 160 கிலோ குத்தித் தர எங்கள் ஊரில் ஒருத்தியும் வர மாட்டாள். என் மகளை உலக்கை பிடிக்க நான் விடவும் மாட்டேன்.

மெஷின் வேண்டும். ஆனால் மெஷினைப் பற்றியும் எங்களுக்கு ஓர் அனுபவம் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் பக்கத்து ஊருக்கு ஒரு திட்டத்தில் உரிக்கும் மெஷின் வந்தது. யார் கொடுத்தார்கள் என்பது இங்கே தேவையில்லை, நல்ல மனதோடுதான் கொடுத்தார்கள். முதல் நாள் ஓட்டிக் காட்டினபோது அம்மாவும் பார்க்கப் போயிருந்தாள். ஒரு பக்கம் சாமை கொட்டுகிறார்கள், இன்னொரு பக்கம் அரிசி வருகிறது, உமி காற்றில் தனியாகப் பறந்து ஒரு மூலையில் குவிகிறது. அம்மா ஒரு கை அரிசியை அள்ளி, ஊதிப் பார்த்து, வாயில் போட்டு மென்றாள். "இது வந்திருந்தா உங்க பாட்டி இன்னும் பத்து வருசம் இருந்திருப்பா" என்றாள். வேறு எதுவும் பேசவில்லை, வீடு வரைக்கும்.

ஆறு மாதத்துக்குள் மெஷின் நின்றுவிட்டது. சல்லடை கிழிந்தது. அந்த அளவுக்குச் சல்லடை கீழே எங்கேயும் கிடைக்கவில்லை. ஒருத்தர் வந்து பார்த்து, பெல்ட்டையும் மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார், திரும்ப வரவில்லை. மூன்று ஃபேஸ் கரண்ட் சரியாக வராததால் மோட்டார் ஏற்கெனவே திணறிக்கொண்டுதான் இருந்தது. இன்னொன்றும் அப்போதுதான் புரிந்தது. எங்கள் சாமைகள் ஒன்றுக்கொன்று அளவில் வேறுபடும். கலந்து கொட்டினால் பெரிய மணி உடையும், சின்ன மணி உரியாமலே வெளியே வரும். முதலில் சலித்துப் பிரித்து, கல்லையும் எடுத்துவிட்டுத்தான் போட வேண்டும். அதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. மெஷின் இப்போது கூடத்து மூலையில் இருக்கிறது, அதன் மேல் கோழி அடைகிறது.

அதனால் நாங்கள் கேட்பது வெறும் மெஷினை அல்ல. கொல்லிமலையில் 14 ஊராட்சிகள், வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு என்று ஒவ்வொன்றும் ஒரு நாடு. ஒரு நாட்டுக்கு ஒரு சின்ன உரிக்கும் நிலையம் வேண்டும். சிங்கிள் ஃபேஸில் ஓடுகிற மெஷினாக இருக்கட்டும். கூடவே கல் நீக்குகிற மெஷின், இரண்டு மூன்று அளவில் மாற்றுச் சல்லடை, பெல்ட். எல்லாவற்றுக்கும் மேலாக, அதைக் கழற்றி மாட்டத் தெரிந்த இரண்டு பேர் இந்த மலையிலேயே இருக்க வேண்டும். எங்கள் பிள்ளைகளில் ஐடிஐ முடித்துவிட்டுத் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் போனவர்கள் எத்தனையோ பேர். மாதச் சம்பளம் என்று ஒன்று இருந்தால் திரும்பி வர ஆசைப்படுகிறவர்கள் அதில் உண்டு. நிலையத்தை நடத்துவதை மகளிர் குழுக்களிடம் விடுங்கள். உரிக்கக் கூலி வாங்கி, கணக்கு வைத்து, கரண்ட் பில் கட்டிக்கொள்கிறோம். உமியும் தவிடும் எங்களுக்கே மிஞ்சும், மாட்டுக்கு ஆகும்.

கீழே பெரிய ஆலையில் மொத்தமாக உரித்து மேலே அனுப்பிவிடலாமே என்று உங்களில் ஒருவர் கேட்கக்கூடும். உமியோடு இருக்கும் வரைதான் சாமை கெடாது. உமி போன பிறகு, தவிட்டில் இருக்கிற எண்ணெய்ச் சத்து காரல் அடிக்க ஆரம்பித்துவிடும். ஒன்றிரண்டு மாதத்தில் வாடை தெரியும். அந்த வாடை வராமல் இருக்கத்தான் கடைக்குப் போகிற சாமையை வெள்ளையாகத் தீட்டுகிறார்கள். தீட்டினால் சத்து தவிட்டோடு போய்விடுகிறது. அப்புறம் எதற்குச் சிறுதானியம்? அந்தந்த வாரத்துக்கு வேண்டியதை அந்தந்த வாரம் உரித்து, தவிடு ஒட்டின பழுப்பு அரிசியாகப் பள்ளிக்குக் கொடுக்க மலையிலேயே இருக்கிற ஒரு நிலையத்தால்தான் முடியும்.

விதையில் ஒரு வேண்டுகோள். திருவண்ணாமலை பக்கம் அத்தியந்தலில் வேளாண் பல்கலைக்கழகத்தின் சிறுதானிய மையம் இருக்கிறது. அங்கே நல்ல ரகங்கள் உருவாகின்றன. சமவெளிக்கு அவை பொருந்தலாம். ஆனால் திட்டம் என்று வந்தால் எல்லாருக்கும் ஒரே ரக விதைப் பையைக் கொடுத்துவிடாதீர்கள். எங்கள் மல்லியச் சாமையும் கட்டவெட்டியும் பள்ளிக்கு வரட்டும். அந்த மையத்து ஆட்கள் மலைக்கு வந்து, எந்தச் சாமைக்கு எந்தச் சல்லடை என்று எங்களோடு உட்கார்ந்து பார்த்தால் அது பெரிய உதவி.

சமைக்கிற அம்மாக்களையும் மறக்க வேண்டாம். சாமை தண்ணீரை நிறையக் குடிக்கும், ரவை கிளறுகிற கணக்கில் கிளறினால் அடிப்பிடிக்கும். தெரியாமல் செய்தால் பிள்ளைகள் முதல் நாளே தட்டைத் தள்ளிவிடும். எங்கள் ஊரில் வயதான பெண்கள் ஒரு நாள் வந்து கற்றுக்கொடுத்தால் முடிந்தது. என் மகளுக்கு ஏழு வயது. ரவா உப்புமா பிடிக்கும், சேமியா கிச்சடி இன்னும் பிடிக்கும். போன கார்த்திகையில் புதுச் சாமை வந்தபோது, முதல் சோற்றைச் சாமிக்குப் படைத்துவிட்டு, மொச்சைக் குழம்பு ஊற்றி அவளுக்குக் கொடுத்தோம். பாட்டி மடியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, இது எந்தக் கடையில் விற்கிறது என்று கேட்டாள். வீட்டுக்குப் பின்னால் அந்தக் காட்டை அவள் தினமும் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போகிறாள்.

எங்கள் காட்டில் இப்போது கால் ஏக்கர்தான் சாமை. அம்மா பிடிவாதமாக வைத்திருக்கிறாள். தொம்பையின் அடியில் விதைக்கென்று மல்லியச் சாமை எட்டுப் படி எடுத்து வைத்திருக்கிறாள். கால் ஏக்கருக்கு அவ்வளவு தேவையில்லை, யாராவது கேட்டால் கொடுக்கத்தான். எங்கள் குழுவில் 14 பெண்கள். பள்ளிக்கு வாங்குவீர்கள், உரிக்க நிலையம் வரும் என்று எழுத்தில் ஒரு வார்த்தை கிடைத்தால், அதில் ஆறு பேர் இந்த வருடமே கிழங்குக் காட்டில் ஒரு பகுதியைச் சாமைக்கு விடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். யார் யார், எந்தச் சரிவு, எத்தனை சென்ட் என்பதெல்லாம் என் நோட்டில் இருக்கிறது.

நாங்கள் ஆனியில் விதைப்போம். அதற்கு முன்னால் வைகாசி மழையில் உழ வேண்டும். உங்கள் பதில் சித்திரைக்குள் வந்தால் எங்களுக்கு நேரம் சரியாக இருக்கும்.

இப்படிக்கு,
கொல்லிமலையிலிருந்து ஒரு மகளிர் குழுக் கணக்காளர்